உங்களுக்குத் தெரியுமா? கொக்கரக்கோ ஸ்பெஷல்!

சேலம், அஸ்தம்பட்டி. ரவுண்டானாவுக்கு நாலு தெரு தள்ளி ஒரு மொட்டை மாடி. மாடியில் கவிழ்த்துப் போட்ட ஒரு பஞ்சாரம். உள்ளே ஒரு நாட்டுச் சேவல். மணி விடிகாலை 4. இறக்கையை இரண்டு தட்டு. கழுத்தை ஒரு நீட்டு. கொக்கரக்கோ! பக்கத்து வீட்டில் லைட் எரிகிறது. எதிர் வீட்டு நாய் குரைக்கிறது. மூன்றாவது வீட்டுத் தாத்தா திரும்பிப் படுக்கிறார். இந்த இரண்டு விநாடிக் கூவலுக்குள் எவ்வளவு சங்கதி இருக்கிறது தெரியுமா? தேடித் தேடிப் பொறுக்கி வந்திருக்கிறேன். ரெடியா?

சாவலுக்கு வாட்ச் உண்டு!

"ஏனுங்க்கா, உங்க சாவல் நாலு மணிக்கே கூப்புடுதே?" "அதுக்கென்ன வாட்ச்சா கட்டியிருக்கு?" இந்தப் பேச்சு நடக்காத தெரு எங்கள் பக்கம் கிடையாது. அக்கா சொன்னது தப்பு. வாட்ச் இருக்கிறது. உடம்புக்குள்ளேயே இருக்கிறது!

2013-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் சேவல்களை மங்கல் வெளிச்சத்தில் அடைத்துப் பார்த்தார்கள். இரவும் இல்லை, பகலும் இல்லை. அப்போதும் வேளை தவறாமல் கூவின. சேவல் கடிகாரத்தில் ஒரு நாளுக்கு 23.7 மணி நேரம். நம் கடிகாரத்துக்கும் அதற்கும் 18 நிமிடம்தான் வித்தியாசம்!

வெளிச்சம் வந்த பிறகா கூவுகிறது? இல்லவே இல்லை. வெளிச்சம் வருவதற்குச் சுமார் 2 மணி நேரம் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. சேலத்தில் சூரியன் 6 மணியை ஒட்டி எழுகிறார். கழித்துப் பாருங்கள். அதே 4 மணி!

கார் ஹெட்லைட் அடித்தாலும் கூவும். இன்னொரு சேவல் கூவினாலும் கூவும். ஆனால் விடியல் நெருங்க நெருங்கத்தான் இதில் வேகம் கூடும். அதே லைட்டை வேறு நேரத்தில் அடித்துப் பாருங்கள், அவ்வளவாகக் கண்டுகொள்ளாது!

முதலில் யார் கூவுவது? அதற்கும் சீனியாரிட்டி இருக்கிறது! கூட்டத்தில் பெரிய தலை கூவிய பிறகுதான் அடுத்தது. அதற்குப் பிறகு மூன்றாவது. இதையும் அதே நகோயாக்காரர்கள்தான் 2015-இல் கண்டுபிடித்தார்கள்.

பெரிய தலையைத் தூக்கிக் குழம்பு வைத்துவிட்டால் தெரு அமைதியாகிவிடுமா? ஆகாது. இரண்டாவது சேவலுக்கு உடனே புரமோஷன்!

காது கிழியும் கணக்கு!

சேவல் கூவும்போது அதன் சொந்தக் காதருகே எவ்வளவு சத்தம்? பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் சேவல் காதோரம் குட்டி மைக் கட்டி அளந்தார்கள். 142 டெசிபல்!

அப்படியானால் சேவலுக்குக் காது செவிடாக வேண்டுமே? ஆகாது. அலகை அகலத் திறந்ததும் காதுத் துவாரம் தானாக மூடிக்கொள்கிறது. செவிப்பறையில் கால் பங்கை மென்மையான திசு மறைத்துவிடுகிறது. பிறவியிலேயே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பிறந்த பறவை!

பஞ்சு இல்லாதவர் யார்? பக்கத்து வீட்டுக்காரர்!

இந்தியாவின் ஒலி மாசு விதிகள் வந்தது 2000-இல். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 டெசிபல். அந்தச் சட்டத்துக்கு இரவு எதுவரை தெரியுமா? காலை 6 மணி வரை. 4 மணிச் சேவல் கூவுவது சட்டப்படி நடுராத்திரியில்!

சேவலிலிருந்து ஒரு மீட்டரில் 100 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். சுவரும் மரமும் குறுக்கே இல்லாத வெட்டவெளியில் அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு? 46 டெசிபல். அங்கேயும் ஒரு டெசிபல் கூடுதல்!

அந்த அரை கிலோமீட்டர் வட்டத்துக்குள் எத்தனை பேர் தூங்குவார்கள்? 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியில் 8,29,267 பேர். பரப்பு 91.34 சதுர கிலோமீட்டர். பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு சேவலுக்குச் சுமார் 7,100 தலையணைகள்!

சேவல் தப்பித்துக்கொள்ளும் ஓட்டையும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 45 டெசிபல் என்பது சராசரி. கூவல் இரண்டு விநாடி, இடைவெளி பல நிமிடம் என்றால் தள்ளி இருக்கிற வீடுகளில் சராசரியில் கரைந்துபோகும். பெரிய வக்கீலுக்கும் தோன்றாத வாதம்!

இரண்டு விநாடிக்கே இந்தப் பாடா? துருக்கியின் டெனிஸ்லி ஊர்ச் சேவல் ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் இழுக்கும். அதுதான் அந்த ஊரின் அடையாளச் சின்னம். நல்லவேளை, அஸ்தம்பட்டியில் இல்லை!

கோர்ட் படியேறிய கொக்கரக்கோ!

உலகத்திலேயே பிரபலமான சேவல் பெயர் மோரீஸ். ஊர் பிரான்ஸின் ஒலெரோன் தீவு. விடுமுறைக்கு வந்து தங்குகிற பக்கத்து வீட்டார் சத்தம் தாங்காமல் வழக்குப் போட்டார்கள். மோரீஸுக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

தீர்ப்பு 2019 செப்டம்பர் 5-இல் வந்தது. சேவல் கூவலாம். வழக்குப் போட்டவர்கள்தான் 1,000 யூரோ நஷ்டஈடு கொடுக்க வேண்டும்!

மோரீஸ் 2020-இல் செத்துப்போனது. ஆனால் 2021 ஜனவரியில் பிரான்ஸ் ஒரு சட்டமே போட்டுவிட்டது. கிராமத்துச் சத்தமும் கிராமத்து வாசனையும் இனி நாட்டின் பாரம்பரியச் சொத்து. சேவல் கூவல் சேர்த்தி, சாண வாசனையும் சேர்த்தி!

அதே பிரான்ஸில் 1995-இல் இதே மாதிரி ஒரு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோழியை முட்டாள் பிராணி என்றே தீர்ப்பில் எழுதியது. யாராலும் அதற்குப் பாடம் சொல்லித்தர முடியாதாம். ஜெயித்தது யார்? கோழிதான்!

பிரான்ஸுக்கு ஏன் போக வேண்டும்? கோயம்புத்தூரைத் தாண்டினால் கேரளா. பத்தனம்திட்டா மாவட்டம், அடூர் பக்கம் பள்ளிக்கல் கிராமம். பக்கத்து வீட்டுச் சேவல் விடிகாலை 3 மணிக்கே கூவுகிறது, தூக்கம் போய்விட்டது என்று ஒருவர் புகார் கொடுத்தார். 2025 பிப்ரவரியில் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. உத்தரவு போட்டார். சேவலை அறுக்கச் சொல்லவில்லை. விற்கச் சொல்லவில்லை. மாடியில் இருந்த கூட்டை வீட்டின் தென்பக்கம் மாற்றச் சொன்னார். கெடு 14 நாள்!

நம்மூர் ஆர்.டி.ஓ.வுக்கும் அந்த அதிகாரம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 152-ஆம் பிரிவு. பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடலாம். பழைய சட்டத்தில் இது 133!

பொதுத் தொல்லைக்கு அபராதம் எவ்வளவு? முன்பு அதிகபட்சம் 200 ரூபாய். இப்போது 1,000 ரூபாய். ஒரே தாவலில் ஐந்து மடங்கு!

புனேயில் ஒரு பெண்மணி நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்விட்டார். எதிராளி யார்? தூக்கத்தைக் கெடுத்த சேவல்!

சிங்கப்பூரில் 2017-இல் சின் மிங் பகுதியில் திரிந்த கோழிகள் சத்தம் போடுவதாக 20 புகார்கள். அரசு பிடித்துக் கொன்ற கோழிகள் 24. உடனே எதிர்ப்பு கிளம்பிவிட்டது. கோழிக்காகக் குரல் கொடுத்தவர்களும் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான்!

நியூயார்க் நகரில் பெட்டைக்கோழி வளர்க்கலாம். எத்தனை வேண்டுமானாலும் முட்டை எடுக்கலாம். சேவலுக்கு மட்டும் தடை!

தெலங்கானாவில் 2021-இல் ஒரு சேவல் போலீஸ் காவலிலேயே இருந்தது. சண்டைக்காகக் காலில் கத்தி கட்டியிருந்தார்கள். அந்தக் கத்தி பட்டு உயிர்போனது வேறு யாருமில்லை, சேவலின் சொந்தக்காரர்!

இதெல்லாம் என்ன? 1474-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஒரு சேவலை விசாரித்துத் தண்டனை கொடுத்து உயிரோடு எரித்தார்கள். குற்றம் என்ன தெரியுமா? முட்டையிட்டது!

சேவல் முட்டையிடாது. ஆனால் பெட்டை கூவும்! கோழிக்கு வேலை செய்வது இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான். அது கெட்டுப்போனால் கொண்டை வளரும், நடை மாறும், கூவலும் வந்துவிடும். பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும் என்று கேட்டவர் இதைப் பார்க்கவில்லை!

கோடிக் கோழி, கூவல் பூஜ்யம்!

அஸ்தம்பட்டியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் நாமக்கல். 1997 ஜனவரி 1 வரை அது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. இன்று அங்கே தினமும் கோடிக்கணக்கில் முட்டை. ஆனால் ஒரு முட்டைப் பண்ணை ஷெட் ஓரம் விடிகாலையில் நின்று பாருங்கள். கொக்கொக் என்ற முணுமுணுப்பு கேட்கும். கொக்கரக்கோ கேட்கவே கேட்காது!

ஏன்? அத்தனையும் பெட்டை. சேவலே கிடையாது. முட்டையிடக் கோழிக்குச் சேவல் தேவையே இல்லை! பண்ணைக் கோழி ஒன்று ஆண்டுக்கு 300-க்கும் மேல் முட்டையிடுகிறது. சேவல் முகத்தையே பார்க்காமல்!

முட்டை இனத்தில் ஆண் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே பிரித்துவிடுகிறார்கள். வயது என்ன? ஒரு நாள்!

குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால் சேவல் வேண்டும்தானே? வேண்டும். ஆனால் வீட்டோடு வேண்டாம்! சேவலின் விந்தைக் கோழி தன் உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். சேவல் விருந்தாளியாக ஒரு முறை வந்துபோனால் போதும். பத்து நாளுக்கு மேலும் கருமுட்டை வரும்!

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். அப்படியிருக்க, நாலு பெட்டைக்கு மூன்று சேவல் வைத்திருக்கிற மாடிகளை என்னவென்று சொல்ல!

நம்ம சேவல், நம்ம பெருமை!

திருச்சி உறையூருக்குப் பழைய பெயர் கோழியூர். யானையை ஒரு கோழி எதிர்த்து விரட்டிய மண் என்று சோழர்கள் அங்கே தலைநகர் அமைத்தார்களாம்!

தமிழில் 'வாரணம்' என்றால் யானை. 'வாரணம்' என்றால் கோழியும்தான்! இரண்டு வாரணங்களையும் சிலப்பதிகாரம் ஒரே இடத்தில் மோதவிடுகிறது.

வீரனுக்கு நடுகல் வைப்பார்கள். சேவலுக்கு வைப்பார்களா? வைத்தார்கள்! விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட சேவலுக்கு எழுத்துப் பொறித்த கல் நிற்கிறது. வயது சுமார் 1,500 ஆண்டு!

இந்தளூரிலும் ஒரு சேவல் நடுகல் உண்டு. அந்தச் சேவலுக்குப் பெயரே பொறித்திருக்கிறார்கள். பொற்கொற்றி!

முருகன் கொடியில் பறப்பது சேவல். அந்தச் சேவற்கொடியோனுக்குச் சேலம் மாவட்டத்திலேயே, புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-இல் எழுப்பிய சிலையின் உயரம் 146 அடி. மலேசியாவின் பத்துமலை முருகனைவிட 6 அடி கூடுதல்!

1982-இல் கங்கை அமரன் இயக்கிய படத்தின் பெயர் 'கோழி கூவுது'. எங்கள் பக்கத்து ஊர்களில் பெரியவர்கள் இன்றும் 'கோழி கூப்பிடற நேரம்' என்பார்கள். கூவுவதும் கூப்பிடுவதும் சேவல். பெயர் மட்டும் கோழிக்கு!

இன்றைய வீட்டுக்கோழிகளின் மஞ்சள் கால் எங்கிருந்து வந்தது? உலகக் கோழிகளின் மூதாதை தென்கிழக்கு ஆசியச் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணுவைக் கொடுத்தது நம் சாம்பல் காட்டுக்கோழி! தென்னிந்தியக் காடுகளின் சொந்தப் பறவை. 2008-இல் தெரியவந்த செய்தி.

இலங்கையின் தேசியப் பறவை எது? மயில் இல்லை. அதுவும் காட்டுக்கோழிதான்!

தமிழனுக்குக் கொக்கரக்கோ. பிரெஞ்சுக்காரருக்குக் கோக்கோரிக்கோ. ஜப்பானியருக்குக் கொக்கேகொக்கோ. ஜெர்மானியருக்குக் கிகெரிகி. இங்கிலீஷ்காரருக்கு மட்டும் காக்-ஏ-டூடுல்-டூ. அவர் காதில்தான் ஏதோ கோளாறு!

உத்தரப் பிரதேசம் பிரதாப்கரில் 2022-இல் ஒரு சேவலுக்குப் பதின்மூன்றாம் நாள் காரியம் நடந்தது. ஆட்டுக்குட்டியைக் காப்பாற்ற நாயோடு மோதி உயிர்விட்ட சேவல் அது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் 500 பேருக்கும் மேல்!

கூவலை நிறுத்த முடியுமா?

1849-இல் ஜெர்மனியில் பெர்தோல்ட் என்ற விஞ்ஞானி ஆறு இளஞ்சேவல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். விதை எடுத்த சேவல் ஆண்குரலில் கூவவில்லை. விதையைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்ததும் கூவியது! ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், ஹார்மோன் இயலுக்கு அடிக்கல் போட்டது இந்தக் கொக்கரக்கோ!

அமெரிக்காவில் 1945-இல் தலை வெட்டுப்பட்டும் 18 மாதம் உயிரோடு இருந்த மைக் என்ற சேவலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தலை இல்லாமலும் கூவப் பார்த்ததாம். வந்தது தொண்டைக் கரகரப்பு மட்டுமே!

கழுத்தை நீட்டி நிமிராமல் சேவலால் முழுக் குரலில் கூவ முடியாது. இதுதான் சூட்சுமம்! ராத்திரி அடைக்கிற கூட்டின் மேல்கூரையைத் தாழ்வாக வையுங்கள். நிற்க இடம் இருக்கட்டும், நிமிர இடம் வேண்டாம். காற்றோட்டத்துக்கு மட்டும் வழி விடுங்கள். செலவு? ஒரு பலகை!

தெருவிளக்கு வெளிச்சம் கூட்டுக்குள் விழுகிறதா? ஒரு கோணிச்சாக்குத் திரை போதும். காலை 6 மணிக்குத் திரையைத் தூக்குங்கள். உடம்பு வாட்ச் ஓடத்தான் செய்யும். ஆனால் வெளிச்சமும் எதிர்க்கூவலும் தூண்டிவிடுவது குறையும்!

மாடியில் கூடு வைத்தால் சத்தம் நாலு பக்கமும் தடையில்லாமல் போகும். அதே கூட்டைக் கீழே இறக்கி, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிர்த்திசையில் வையுங்கள். பள்ளிக்கல் உத்தரவின் சாரமே இதுதான். நாமே செய்துவிட்டால் ஆர்.டி.ஓ.வுக்கு வேலை மிச்சம்!

கழுத்தில் கட்டுகிற கூவல் தடுப்புப் பட்டைகூட வெளிநாட்டில் விற்கிறார்கள். விரலளவு இறுக்கம் கூடினால் மூச்சுக்கே ஆபத்து. பலகை உத்தமம்!

சேவல் குஞ்சு கூவிப் பழகுவது நாலைந்து மாதத்தில். அதற்கு முன் முடிவெடுத்துவிட்டால் பஞ்சாயத்தே இல்லை. ஊரில் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பாவிடம் கொண்டுபோய் விடுங்கள். அங்கே 100 டெசிபல் என்ன, 142-ஐயும் தென்னை மரங்கள் கேட்டுக்கொண்டு நிற்கும்!

கடைசியாக ஒன்று. மேலே பார்த்த கூவல் வழக்குகளில் எல்லாம் சேவல் செய்தது ஒரே குற்றம்தான், சேவலாக இருந்தது. நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நாளைக் காலை நாலு நாட்டுக்கோழி முட்டையை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "ஏனுங்க்கா, எங்க சாவல் உங்க தூக்கத்தைக் கெடுக்குதுங்களா?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். ஆனால் காலை 6 மணிக்கு மேல் தட்டுங்கள். அதுவரை சட்டப்படி இரவு!